உட்கார்ந்து பார்க்கிற வேலை

...இன்னும் தூங்குகிறாள், வெயில் ஜன்னலைத் தாண்டி மேஜைக்கு வந்துவிட்டது, எங்கள் குடும்பத்தில் விடிந்த பிறகு யாரும் படுத்துக் கிடந்ததாகச் சரித்திரமே இல்லை, என் தாத்தா செத்ததுகூட விடியற்காலையில் எழுந்து முகம் கழுவிச் சவரம் செய்துகொண்ட பிறகுதான், படுத்துக்கொண்டே சாவது சோம்பேறித்தனம் என்று நினைத்தாரோ என்னவோ... கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து மகளின் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எழுப்பக் கூடாது, தட்டக் கூடாது, இருமக்கூடக் கூடாது, மனைவியின் உத்தரவு, "உங்க இருமல் எனக்குத் தெரியாதா, அது இருமலா, மில் சங்கு" என்று சொல்லிவிட்டுத்தான் துணி துவைக்கப் போனாள். மகள் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ், இருந்தாள் என்று சொல்ல வேண்டுமோ, போன வாரம் வார்டு நடைவழியில் மருந்துத் தட்டோடு போய்க்கொண்டிருந்தவள் சுவரோரமாக உட்கார்ந்தாளாம், உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை, விழவில்லை, மயங்கவில்லை, அழவும் இல்லை, தட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாளாம், வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வந்துவிட்டாள், டாக்டர் சொன்னது ஒரே வரி, ஒரு மாசத்துக்கு இவங்க எதுவும் செய்யக் கூடாது. எதுவுமே! எங்கள் வீட்டில் ஒருத்தருக்கு இப்படி எழுதிக் கொடுப்பதும் மீனைக் கூப்பிட்டு ஒரு மாசம் கரையில் காற்று வாங்கச் சொல்வதும் ஒன்றுதான். நான் மட்டும் என்னவாம், லிஃப்ட் பழுது பார்த்தே காலம் தள்ளியவன், நான் ஏறி இறங்கிய மாடிகளை அடுக்கினால் நிலாவைத் தொட்டு அங்கேயும் ஒரு கயிற்றை முறுக்கிவிட்டுத் திரும்பியிருக்கலாம், காய்ச்சல் வந்தால் காய்ச்சலையும் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போவேன், ஓய்வு பெற்ற முதல் வாரத்தில் வீட்டிலிருந்த திருகாணி அத்தனையையும் இறுக்கினேன், இரண்டாவது வாரம் பக்கத்து வீட்டில் இறுக்கினேன், இப்போது என் தலையைக் கண்டாலே தெருவில் கதவைச் சாத்துகிறார்கள். களைப்பாகத்தான் இருக்கிறது, எலும்புக்குள் மணல் கொட்டியது போல, ஆனால் அதை எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது...

எல்லாம் எங்கள் சபை பிறக்கக் காரணமான அந்தத் துறவியால் வந்த வினை, ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கேயோ ஒருவர் பாதிரிமார் மேலிருந்த கோபத்தில் தேவாலயக் கதவில் கண்டனம் எழுதிய தாளை வைத்து ஆணியடித்தாராம், அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் இன்னும் அடங்கவில்லை, அவர் வழி வந்தவர்கள் பாதிரியார் வேலை மட்டும்தான் புனிதமா, செருப்புத் தைப்பவன் ஊசியும் புனிதம், பால் கறப்பவள் கையும் புனிதம் என்றார்கள், கேட்க எவ்வளவு நன்றாயிருக்கிறது, அதனால்தானே நான் லிஃப்டுக்கு எண்ணெய் போடப் போகும்போதும் என் அப்பா தலைசீவிக்கொண்டு போகச் சொன்னார், வேலையே ஜெபம், சரி, பிறகு நான் ஜெபத்தை விட்டேன், சபைக்குப் போவதையும் விட்டேன், வேலையை மட்டும் விடவில்லை, குடியிருந்தவர் காலி செய்துகொண்டு போன பிறகும் அவர் வைத்த அலாரம் அடித்துக்கொண்டே இருப்பதில்லையா, அந்த மாதிரி. மனைவி பழைய கத்தோலிக்கச் சபையில் வளர்ந்தவள், அங்கே தப்புச் செய்தால் பாவமன்னிப்புக் கூண்டுக்குப் போய்ச் சாமியார் காதில் சொல்லலாம், அவர் மன்னிப்பார், பாரத்தை அங்கேயே இறக்கிவிட்டு வந்து குறட்டை விடலாம், எங்கள் ஆட்கள் நடுவில் தரகர் எதற்கு என்று கூண்டை உடைத்தார்கள், உடைத்த பலகையில் என் அப்பா சாப்பாட்டு மேஜை செய்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன், தினமும் இரவுச் சாப்பாட்டில் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும், இன்றைக்கு என்ன செய்தாய், சொல்லலாம், ஆனால் மன்னிக்கத்தான் அங்கே ஆளில்லை. நேற்று மகளின் முறை வந்தது, "ஒண்ணுமில்லப்பா" என்றாள், "ஒண்ணுமில்லன்னா?" என்று என் வாய்தான் கேட்டது, நான் கேட்கவில்லை, அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள், மனைவி என்னைப் பார்த்தாள், "ஊர்ல இருக்கிற லிஃப்டுக்கெல்லாம் பிரேக் வெச்சீங்களே, உங்க வாய்க்கு ஒண்ணு வெச்சுக்கத் தோணலையா?"

தோன்றவில்லைதான், ஆனால் காலையில் அதற்குப் பரிகாரம் தோன்றியது, அடடா, என்ன ஒரு யோசனை, எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன், வேறொரு ஆஸ்பத்திரியின் மேலாளர் எனக்குப் பழக்கம், பழுதான லிஃப்டுக்குள் ஒரு நாள் மாட்டிக்கொண்டு ஆட்டுக்குட்டி மாதிரி கத்தியவரை நான்தான் வெளியே இழுத்தேன், அவருக்குப் போன் போட்டேன், பதிவு அறையில் ஓர் இடம் இருக்கிறதாம், மகளைத் திங்கட்கிழமையே அனுப்பச் சொல்லிவிட்டார், நோயாளி கிடையாது, நடைவழி கிடையாது, உட்கார்ந்து பார்க்கிற வேலை, ஓய்வு மாதிரிதானே? மற்றவர்கள் நோயாளியைப் பார்க்கப் பழம் வாங்கிப் போவார்கள், நாங்கள் வேலை வாங்கிப் போவோம், என் அம்மா துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் கிழிஞ்ச துணி இருந்தா குடுங்க, பேசிக்கிட்டே தைக்கலாம் என்பாள், அன்பு என்றால் எங்களுக்கு அவ்வளவுதான் தெரியும்... இதில் பெரிய வேடிக்கை ஒன்று இருக்கிறது, அந்தத் துறவி அடித்துச் சொன்னதே இதற்கு நேரெதிர், நீ எவ்வளவு உழைத்தாலும் மீட்பைச் சம்பாதிக்க முடியாது, அது இலவசம், சும்மா வாங்கிக்கொள் என்றுதான் சொன்னார், நாங்களும் கேட்டோம், ஆமென் என்றோம், இலவசமாகக் கொடுத்த கடவுளிடம் நல்ல பெயர் வாங்க வேண்டுமே என்று அன்றைக்கு ஓட ஆரம்பித்தவர்கள்தான், இன்னும் நிற்கவில்லை.

ஈரக்கையோடு வந்தாள் மனைவி, "என்னங்க, மூஞ்சியில விளக்கு எரியுது, என்ன காரியம் பண்ணீங்க?" சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன், கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை, எதிரில் உட்கார்ந்தாள், அதுதான் பயமாக இருந்தது. "அவ கேட்டாளா?" "இல்ல." "டாக்டர் சொன்னாரா?" "இல்லம்மா, ஆனா உட்கார்ந்து பார்க்கிற..." "அவ காதுல விழறதுக்குள்ள அந்த ஆளுக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லுங்க, விழுந்தா வேலைக்குப் போயிடுவா." எனக்குச் சிரிப்பு வந்தது, போவதாவது, யார் மகள், பிறந்ததிலிருந்து என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசியே பல் முளைத்தவள், சண்டைக்கு வருவாள், உங்க வேலையை நீங்களே வெச்சுக்குங்கப்பா என்பாள், கதவை அறைந்து சாத்துவாள், நான் தோற்றுப்போவேன், பிறகு அவள் மாசம் முழுக்கத் தூங்குவாள்... ஓகோ, அதற்காகத்தான் போன் செய்தேனா, அவள் மறுக்க வேண்டும் என்றா? கதவு திறந்தது. ஒரு கை சுவரில் இருந்தது, இன்னொரு கை தலைமுடியை அள்ளிக்கொண்டிருந்தது, எல்லாம் கேட்டிருக்கிறாள். "திங்கட்கிழமை எத்தனை மணிக்குப்பா?" வேண்டாம்மா, போய்ப் படு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அந்த வாக்கியத்தை இந்த வீட்டில் யாருக்கும் நான் சொன்னதில்லை, எனக்கும் யாரும் சொன்னதில்லை, நாக்கு அதைத் தேடியது, "ஒம்பதுக்கு" என்றது என் குரல். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். மகள் தலையாட்டினாள், வந்த நாளிலிருந்து பார்க்காத ஒரு நிம்மதி அவள் முகத்தில் வந்து உட்கார்ந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்த நிம்மதி, சவரம் செய்யும் கண்ணாடியில் தினமும் நான் பார்த்தது, அது அவளுக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது...