ஏழு பேர் படுக்கிற வண்டி

செருப்பைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் ஏறிய றெமிஜியஸ் செய்த முதல் வேலை, நடக்கிற வழியில் நீட்டி நிமிர்ந்து படுத்துப் பார்த்ததுதான்.

"இதில ஒராள் தாராளமாப் படுக்கலாம்," என்றார் கீழே கிடந்தபடி. "மெத்தையொண்டு போட்டால் இன்னும் நல்லது."

வண்டியைக் காட்ட வந்த நதீஷா சிரிப்பதா, கைகொடுத்துத் தூக்கிவிடுவதா என்று தெரியாமல் நின்றாள். கிளடிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. வெக்ஸ்போர்டில் இவ்வளவு காலம் இருந்த வீட்டை விற்றாயிற்று. சாவியைக் கொடுத்த பிறகு புருசனும் பெண்சாதியும் குடியிருக்கப் போவது, பிக்கரிங் தாண்டி இந்த விற்பனை வளவில் நிற்கும் மோட்டர்ஹோம்களில் ஒன்றில்தான். கோடைக்கு ஒன்ராறியோ, பனிக்கு முந்தி மேற்கே வன்கூவர் பக்கம். இரண்டு பேரும் வேலையை விட்டாயிற்று. மகள் ஸ்டெபனி ஒட்டாவாவில் தன் குடும்பத்தோடு இருக்கிறாள். இந்த யோசனை கிளடிஸுடையது. அவள் வாயைத் திறந்த உடனேயே மனுசன் தலையாட்டியது அப்போதே அவளுக்கு இடித்தது. இப்போது விளங்கிவிட்டது. ஆட்கள் வீட்டுக்கு வராவிட்டால் வீட்டையே ஆட்களிடம் ஓட்டிக்கொண்டு போகலாம் என்று மனுசன் திட்டம் போட்டிருக்கிறார்.

சொந்த ஊர் மன்னாரிலிருந்து யார் வந்து இறங்கினாலும் முதல் ராத்திரி றெமிஜியஸ் வீட்டில்தான். வந்தவருக்கு அறையும் கட்டிலும். வீட்டுக்காரருக்கு ஹோலில் மெத்தை. முதலில் அவருடைய தம்பி வந்தான், பிறகு தம்பியின் சிநேகிதன், பிறகு அந்தச் சிநேகிதனின் மச்சான். ஒருவர் வேலை கிடைத்துப் போனால் கட்டில் சூடு ஆறுமுன் அடுத்தவர் வந்துவிடுவார். கிளடிஸ் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவளும் அப்படி ஒருத்தர் விட்டுக்கொடுத்த கட்டிலில்தான் இந்த நாட்டில் முதன்முதலாகப் படுத்தவள். ஆனால் கலியாணம் கட்டிய நாளிலிருந்து சொந்தக் கட்டிலில் புருசனோடு படுத்த இரவுகளை அவள் விரல்விட்டு எண்ணிவிடலாம். இனி அப்படி இருக்க முடியாது என்றுதான் வண்டி வாங்கச் சொன்னாள். அதை அவரிடம் விளக்கமாகச் சொல்லாமல் விட்டது அவளுடைய பிழை.

"அங்கிள், இது பங்க் மொடல்," என்றாள் நதீஷா. இங்கேயே பிறந்தவள், தமிழ் வரும், இங்கிலிசும் கூடவே வரும். "பின்னால பெட்ரூம், சைட்டில பங்க், ஒண்டுக்கு மேல ஒண்டாச் சின்னக் கட்டில் ரெண்டு, சோஃபா விரியும், டிரைவருக்கு மேலயும் ஒரு பெட். டோட்டலா செவன் பீப்பிள் படுக்கலாம். பட் நீங்கள் ரெண்டு பேர் ஃபுல் டைம் இருக்கிறதெண்டா இது டூ மச். நடக்கவே இடம் இருக்காது."

அவளுடைய மற்றப் பேச்செல்லாம் றெமிஜியஸின் காதில் ஏறவில்லை. ஏழு மட்டும் ஏறியது. முகம் மலர்ந்து போய் எழுந்து உட்கார்ந்தார்.

"இஞ்ச பாருமப்பா! பின்னறையை வாற ஆக்களுக்கு விடுவம். நாங்கள் ரெண்டு பேரும் இந்த ஏணியில ஏறி மேல படுப்பம்."

கிளடிஸ் அந்த மேல்கட்டிலைப் பார்த்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை கூரையில் முட்டும். இத்தனை வயதில் ஏணி!

"இன்னும் வண்டியே வாங்கேல்லை, அதுக்குள்ள எங்கட அறையைக் குடுத்திட்டியளோ?" என்று வெடித்தாள். "ஆருக்கு? பேரைச் சொல்லுங்கோ பாப்பம்!"

றெமிஜியஸ் பேர்களை எண்ண விரலை மடக்கினார். முதல் விரலோடேயே எண்ணிக்கை நின்றுவிட்டது. முந்தி வந்து தங்கியவர்கள் எல்லாரும் இப்போது மிசிசாகா, மார்க்கம் என்று இவர்களுடையதைவிடப் பெரிய வீடுகளில் இருக்கிறார்கள்.

நதீஷா கெட்டிக்காரி. பேச்சை மாற்றி அவர்களை அடுத்த வண்டிக்குக் கூட்டிப் போனாள். பங்க் இல்லை, விரிகிற சோஃபா இல்லை. பெரிய யன்னலோரம் சாய்கதிரை இரண்டு, அவற்றுக்கு நடுவில் சின்ன மேசை. பின்னால் இரண்டு பக்கமும் நடந்து வரக்கூடிய கட்டில். அந்த அறைக்கு ஒரு கதவு. கிளடிஸ் நேரே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். கண் கலங்கிவிட்டது. இதுதான் வேண்டும். இவர் மாட்டேன் என்றால் வீடு விற்றதே வீண்.

கொஞ்சம் பொறுத்துக் கதவில் தட்டும் சத்தம். "உள்ள வரலாமோ?"

"வாங்கோ."

றெமிஜியஸ் வந்து கட்டிலின் மற்றப் பக்கம் உட்கார்ந்தார். கதவைத் தானே சாத்தினார். உள்ளங்கையால் மெத்தையை அமத்திப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்:

"ஒருத்தரும் வராட்டி, நாங்கள் ரெண்டு பேரும் என்னத்தைக் கதைக்கிறது, கிளடிஸ்?"

அவளுக்குச் சுருக்கென்றது. இதென்ன கேள்வி என்று ஏச வாயெடுத்தவள், பதிலைத் தேடிப் பார்த்தாள். இவ்வளவு காலமும் என்ன பேசியிருக்கிறார்கள்? யார் வருகிறார்கள், எந்த மெத்தையை எடுப்பது, இத்தனை பேருக்குக் கறிக்கு மீன் காணுமா. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அவள் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. அவளுக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

"எனக்கும் தெரியேல்லை," என்றாள். "ஆனா இதைத்தான் எடுக்கவேணும்."

றெமிஜியஸ் குனிந்த தலையை நிமிர்த்தினார். "சரி," என்றார் கடைசியில். "எடுப்பம்."

அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை. வெளியே நதீஷா மெதுவாகக் கதவைத் தட்டினாள். "அன்ரி, எவ்ரிதிங் ஓகேயா? மற்ற மொடலையும் பாக்கப் போறீங்களா?"

"கொஞ்சம் பொறும் பிள்ளை," என்றாள் கிளடிஸ் உள்ளேயிருந்து. "நாங்கள் கதைச்சுக்கொண்டிருக்கிறம்."