சுக்கான் கடை வம்சம்

இந்தக் காலத்தில் ஆள் யார் என்று ஆளைக் கேட்பதில்லை, போனைத்தான் கேட்கிறார்கள். எழுபத்திரண்டு வயசு மனுஷன் எதிரிலேயே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறான். மாப்பிள்ளையின் சித்தப்பா மொஹ்சின், போனைத் தேய்த்துத் தேய்த்து, ஹபீபுல்லாவின் வம்சத்தை ஹபீபுல்லாவுக்கே சொல்லிக்கொண்டிருந்தார்.

சுக்கானி என்றால் கப்பலின் சுக்கானைத் திருப்புகிறவன். நாகூரில் நாற்பது வீட்டுக்கு அந்தப் பெயர், பினாங்கில் அறுபது, கொழும்பில் பதினெட்டு. இப்போது துபாயிலும் இருக்கிறார்களாம். எல்லாரும் ஒரே சுக்கானியின் வாரிசுகளாம். ராயபுரத்தில் ஹபீபுல்லா வீடு ஒன்றுதான். மாப்பிள்ளை அமானுக்குச் சுக்கானி வீட்டுப் பெண்தான் வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடித்ததால் வந்த சம்பந்தம் இது.

ஹபீபுல்லாவின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பேத்தி உமைமா காலையிலேயே சொல்லியிருந்தாள்: "நன்னா, அந்தக் கடை கதைய மட்டும் எடுத்துடாத. எனக்கு அவர புடிச்சிகீது."

அங்கேதான் இடித்தது. ஹபீபுல்லாவின் பாட்டனார் கப்பல் ஓட்டியதே கிடையாது. படகில் ஏறினாலே வாந்தி எடுப்பார். காயலான் கடை வைத்திருந்தவர், உடைத்த கப்பலின் சுக்கான் ஒன்றை ஏலத்தில் எடுத்தார். ஆள் உயர இரும்புத் தகடு. விலை போகாமல் கடை வாசலிலேயே நின்றது. 'சுக்கான் கடை பாய்' என்று ஊர் கூப்பிட, அடுத்த தலைமுறையில் சுக்கானி ஆகி ரேஷன் கார்டிலும் ஏறிவிட்டது. கடை சாத்தாங்காட்டுக்கு மாறியபோது அந்தத் தகடும் லாரியில் கூடவே போனது. அவ்வளவுதான் வம்சம். நிக்காஹ் முடிந்து நாலு வருஷம் கழித்து எவனாவது இதைக் கிளறினால், ஏமாற்றிக் கட்டிவைத்தார்கள் என்று பெண்ணைத்தானே குத்திக் காட்டுவார்கள்?

பிரியாணிக்குக்கூட உட்காரவில்லை. வா பாய் என்று மொஹ்சினை ஆட்டோவில் ஏற்றிச் சாத்தாங்காட்டுக்குக் கூட்டிப்போனார். வாசலில் நின்ற உமைமாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

கடையின் பின்பக்கம், கம்பிக் கட்டுகளுக்கு நடுவே துருவேறி நின்றது சுக்கான்.

"நல்லா பாத்துக்க. எங்க பேரு இதுலர்ந்து வந்தது. பாட்டன் காயலான் கடைக்காரரு. உங்க ரத்தமும் எங்க ரத்தமும் வேற. வேணாம்னா இப்பவே சொல்லிடு, பின்னால பொண்ண பேஜாரு பண்ணாத."

மொஹ்சின் தகட்டைத் தடவினார். கண் கலங்கிவிட்டது.

"பாய், நாப்பது வீட்ல எங்ககிட்ட பேருதான் இருக்கு. நீங்க சுக்கானையே காப்பாத்தி வச்சிருக்கீங்க."

ஏலத்துல எடுத்ததுய்யா என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார் ஹபீபுல்லா.

"அவ்ளோ இரும்பு கெடக்க, இத மட்டும் ஏன் எடுத்தாரு? ரத்தம் இழுத்திருக்கு."

மலிவாகக் கிடைத்தது, எடுத்தார். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மொஹ்சின் போனில் எடுத்த படம் பினாங்குக்குப் போய்விட்டது. அங்கிருந்து சலாம் மேல் சலாம். கல்யாண மண்டபத்துக்கு இதைத் தூக்கிவர வேண்டுமாம். வீட்டிலிருந்து உமைமா போனில் கூப்பிட்டாள். தேதி குறித்துவிட்டார்கள் என்று சொல்லி அழுதாள், சிரித்தாள்.

அவள் சிரித்ததே போதும். மொஹ்சின் இன்னொரு படத்துக்காகச் சுக்கானை இரண்டு கையாலும் பிடித்து, கப்பலைத் திருப்புவதுபோல் நின்றார். அது தண்ணீருக்கு அடியில் கிடக்கிற சாமான். யாரும் கையால் பிடிப்பதில்லை, மேலே இருக்கிற சக்கரத்தைத்தான் பிடிப்பார்கள். சுக்கானி வம்சத்துக்கு அதுகூடத் தெரியவில்லை.

'இவனுக்கும் பேரு எந்தக் கடையிலர்ந்து வந்துச்சோ' என்று முனகிக்கொண்டே ஹபீபுல்லா டோல்கேட் பஸ்ஸைப் பார்த்து நடந்தார்.