மூன்று நாள் தூக்கம்

மகளின் ஏழாம் வகுப்பு டீச்சரை நினைத்தால் தையற்காரிக்கு இன்றும் மனம் குளிர்ந்துவிடும். ஆனால் முதலில் அவர் மேல் வந்தது எரிச்சல்தான். வாதம் செய்து கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கிறேன் என்று சொல்லி, வீட்டுக்குள் ஒரு வக்கீலையல்லவா வளர்த்துவிட்டார். இன்றைக்குக் குளிர் அதிகம் என்று சும்மா சொன்னால்கூட, எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டாள் மகள். தையற்காரி அவளுக்கு வக்கீலம்மா என்றே பேர் வைத்துவிட்டாள்.

தையற்காரிக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். கிழிந்த படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர் கோட்டு எல்லாம் அவள் மெஷினுக்கு வந்துதான் உயிர் பிழைக்கும். ஒன்பது வருஷமாகத் தாயும் மகளும் சாப்பிடுவது அந்த மெஷினின் புண்ணியத்தில்தான். இப்போது அதற்கே ஆபத்து. இரண்டு மாதத்தில் இருபது நாள் தாமதம், மூன்று நாளில் விளக்கம் எழுதித் தர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போடுவோம் என்று மேலாளர் மெமோ கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினாள். தன் கஷ்டம், தன் நேர்மை, தனியாகப் பிள்ளை வளர்ப்பது, ஐயாவின் பெரிய மனது என்று ஒன்றையும் விடவில்லை. எழுதும்போது அவளுக்கே கண் கலங்கியது. வக்கீலம்மா அதைப் படித்தாள். கொஞ்சமும் கலங்காமல் பென்சிலை எடுத்துப் பாதிக்கு மேல் அடித்தாள்.

"பஸ் லேட்டா வருதுன்னு ஒரே ஒரு வரிதாம்மா இருக்கு. நீ சொல்ல வந்ததே அதுதான். அதுக்கு ஆதாரம் எங்கே?"

"பெத்தவ சொல்றது போதாதா?"

"எனக்குப் போதும். மேலாளரை நீ பெக்கலையே."

தையற்காரிக்குச் சுருக்கென்றது, சிரிப்பும் வந்தது. ஆதாரத்துக்கு எங்கே போவது என்று மண்டையை உடைத்துக்கொண்டபோதுதான் மெஷின் பக்கத்துக் கம்பி ஞாபகம் வந்தது. தைத்து முடித்த துணிகளை அன்றன்று மூட்டையாகக் கட்டி, எத்தனை உருப்படி என்று அதில் சீட்டு குத்தி வார்டுக்கு அனுப்ப வேண்டும். ஆபீஸ் தந்த சீட்டு எப்போதோ தீர்ந்துபோனது. கேட்டுக் கேட்டு அலுத்து, அன்றன்றைய பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே எழுதிக் குத்திவிடுவாள். வார்டில் கையெழுத்துப் போட்டுத் திருப்பியனுப்புவார்கள். அவள் கம்பியில் கோத்து வைப்பாள். டிக்கெட்டின் முன்பக்கத்தில் தேதி, ஏறிய நேரம், அது எத்தனையாவது ட்ரிப் எல்லாம் அச்சாகியிருக்கும்.

மறுநாள் கம்பியையே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். இருவரும் டிக்கெட்டுகளைத் தரையில் பரப்பி, மெமோவில் இருந்த தேதிகளோடு ஒத்துப் பார்த்தார்கள். ஆறேகாலுக்கு வர வேண்டிய முதல் ட்ரிப் ஆறே முக்காலுக்கு வந்த நாட்கள் பதினேழு. மீதி மூன்று டிக்கெட்டில் இரண்டாவது ட்ரிப் என்று இருந்தது.

"இந்த மூணு நாளும் என்னம்மா ஆச்சு?"

தையற்காரி ஜன்னல் பக்கம் பார்த்தாள். "தூங்கிட்டேன்."

அந்த மூன்றையும் ஓரமாக வைத்துவிடலாம் என்றாள் அவள். பதினேழே தாராளம், யார் எண்ணப்போகிறார்கள். வக்கீலம்மா தன் நோட்டைத் திறந்து, டீச்சர் எழுதிப்போட்ட மூன்று கேள்விகளைக் காட்டினாள். நீ சொல்வது என்ன? எதை வைத்துச் சொல்கிறாய்? எதிரே இருப்பவர் என்ன கேட்பார்?

"அவர் முதல்ல கேட்கப்போறதே இந்த மூணைத்தான். கேட்கிறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடணும்மா."

இது சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வதாகத்தான் தையற்காரிக்குப் பட்டது. ஆனாலும் எழுதினாள். மூன்று நாள் தூங்கிவிட்டேன், அது என் தப்பு என்று. கடிதம் ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டது. ஐயாவின் பெரிய மனது அதில் வரவே இல்லை.

மேலாளர் டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வருகைப் பதிவேட்டோடு சரிபார்த்தார். கடைசியாக அந்த மூன்று டிக்கெட்டையும் எடுத்துப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தூங்கிட்டேன்னு எழுதிக் கொடுத்த ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். இந்த மூணையும் மறைச்சிருந்தா அந்தப் பதினேழையும் நான் நம்பியிருக்க மாட்டேம்மா."

இனிமேல் ஏழு மணிக்குப் பதில் ஏழரைக்கு வந்து, சாயங்காலம் அரை மணி கூடுதலாக இருந்துவிட்டுப் போகச் சொன்னார். அவள் டிக்கெட்டுகளை வாரிக்கொண்டு தன் மெஷினுக்குத் திரும்பினாள்.

புது நேரத்தில் ஒரு வாரம் போனது. ஒரு சாயங்காலம் தையற்காரி டீச்சருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். இந்தத் தடவை கஷ்டமும் கண்ணீரும் இல்லாமல் சட்டென்று முடித்து மகளிடம் நீட்டினாள். வக்கீலம்மா வழக்கம்போலப் பென்சிலோடு வாங்கினாள்.

'நீங்கள் நல்லா சொல்லித் தருகிறீர்கள், டீச்சர்' என்று ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே அன்று காலை வேலைக்குப் போகும்போது வாங்கிய பஸ் டிக்கெட் ஒன்று பின்பக்கம் தெரியக் குத்தியிருந்தது. விரிப்பு முப்பத்திரண்டு, உறை பதினொன்று என்று அம்மாவின் கையெழுத்து, பக்கத்தில் வார்டுக்காரரின் கையெழுத்து.

ஆதாரம் எங்கே என்று கேட்க வேலையில்லை. வக்கீலம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.