பதினான்காம் தீர்மானம்

எழுபத்தாறாம் ஆண்டு வசந்தத்தில், எங்கள் குர்து மலைநாட்டுத் தன்னாட்சி அமைச்சரவையின் கூட்ட அறையில், மேசைக்கு அடியிலிருந்து ஊற்று கிளம்பியது. ஊற்றைக் குறை சொல்ல முடியாது. பேரஷீன் கிராமத்து நெர்மீன், சேற்றுத் தண்ணீர் குடித்த மூத்த மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள், இளையவளையாவது காப்பாற்ற மூன்று வருடம் புதன்கிழமைதோறும் கழுதையில் வந்து மனு கொடுத்தாள். கடைசியில் பன்னிரண்டு அமைச்சர்களும் மனமிரங்கிக் கைதூக்கி, தண்ணீர் உடனே கொண்டுவரப்படும் என்று பதினான்காம் தீர்மானம் போட்டார்கள். ஆனால் எங்கள் மொழியிலுள்ள ஊர்ப் பெயர்களைக் கோப்பில் எழுதக் கூடாது என்பது தலைநகரின் உத்தரவு. தலைநகர் வேறு பெயர் சூட்டி அனுப்பும்வரை அந்த இடத்தைக் காலியாக விட வேண்டும். செயலாளர் பக்தியாரும் அப்படியே விட்டார். தண்ணீர்தான் பாவம், என்ன செய்யும்? தாளில் இருந்த ஒரே முகவரி, தலைப்பில் அச்சடித்திருந்த அமைச்சரவையின் முகவரி. அங்கே வந்துவிட்டது.

அமைச்சர்கள் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு கூட்டம் நடத்தினார்கள். தண்ணீரை வெளியேற்ற அனுமதி கேட்டுத் தலைநகருக்கு எழுதினார்கள். அங்கிருந்து வந்த விசாரணைக் குழு, சர்க்கரைக்கட்டியைப் பல்லிடுக்கில் வைத்து அந்தத் தண்ணீரில் போட்ட தேநீரைக் குடித்து, சுவை நன்று என்று எழுதிப் போனது. நெர்மீன் வாசலில் நின்று பார்த்தாள்.

"அண்ணே, உங்க கால நனைக்கிறது எங்க ஊருத் தண்ணி. ரெண்டு டின் மொண்டுக்கிறேன்."

"அரசாங்கச் சொத்தும்மா. பேர் வரட்டும், மொத்தமும் உனக்குத்தான்" என்றார் பக்தியார். வெட்கங்கெட்ட பேச்சு, அவருக்கே தெரியும்.

எழுபத்தெட்டில் தலைநகரிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. எல்லையோரக் கிராமங்களைக் காலி செய்ய வேண்டுமாம். ஐந்தாம் வரியில் பேரஷீன், எங்கள் மொழிப் பெயரிலேயே, ஓர் எழுத்துப் பிழையில்லாமல். தேநீர் ஆறுவதற்குள் பன்னிரண்டு கைகளும் உயர்ந்தன. அந்தத் தாளுக்கு வழி தெரிந்திருந்தது. மறுநாளே லாரிகள் சரியான ஊருக்குப் போய், நெர்மீனையும் மகளையும் எங்கள் நகரத்துக்கு வெளியே ஒரு முகாமில் கொண்டுவந்து கொட்டின. முகாமில் குழாய் இல்லை.

அந்த இலையுதிர் காலத்தில் பேரஷீனுக்கான புதுப் பெயரும் வந்தது, முத்திரையோடு. கோப்பில் எழுதினால் தண்ணீர் எழுந்து ஆளில்லாத ஊருக்குப் போய்விடும். முப்பது வருட உத்தியோகத்தில் எந்த உத்தரவையும் மீறாத பக்தியார், கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு ஒற்றைத் தந்தியில் அமைச்சரவையும் கலைந்தது. அமைச்சர்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சாவி மட்டும் பக்தியாரிடம் தங்கியது.

புதன்கிழமைதோறும் நெர்மீன் மகளோடு டின்கள் கொண்டு வருகிறாள். அவர் கதவைத் திறந்துவிட்டு, தீர்மானக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"பேர் வந்துச்சா அண்ணே?"

"வரல தங்கச்சி. நீ மொண்டுக்கோ."

மகள் முதல் கைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, டின்னை மேசைக்கு அடியில் சாய்த்துப் பிடிக்கிறாள்.