மூன்றாம் மாடி ஏரி

வளைகுடாவின் முசஃபா தொழிற்பேட்டையில், கார் கண்ணாடி மாற்றும் கடைக்குப் பின்னால் இருக்கும் நாலு மாடிக் கட்டடத்தில், மூன்றாம் மாடி மூலை அறைக்கு மட்டும் வாரத்தில் ஒருநாள் ஏரித் தண்ணீர் வரும். சில வாரம் கணுக்கால் வரை, சில வாரம் முழங்கால் வரை. மத்தியானம் வந்து பொழுது சாயும்போது போய்விடும். வார லீவு வெள்ளியிலிருந்து ஞாயிற்றுக்கு மாறியபோது தண்ணீரும் ஒரு பேச்சுப் பேசாமல் ஞாயிற்றுக்கு மாறிக்கொண்டது. கீழ் வீட்டுக் கூரையில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. அங்கே குடியிருந்த கன்னியாகுமரி நர்ஸ் அற்புதராணி, மேலே யாரோ துடுப்புப் போடுகிற சத்தம் கேட்கிறது, நைட் டூட்டி முடித்துத் தூங்க முடியவில்லை என்று மட்டும் புகார் சொன்னாள்.

புகாரைக் கேட்டுக்கொண்டவர் பொன்னுச்சாமி. அந்தக் கட்டடத்துக்கு நாத்தூர், அதாவது காவலுக்கும் கழுவுவதற்கும் கரண்டு போனால் திட்டு வாங்குவதற்கும் சேர்த்து வைத்த ஆள். கமுதிப் பக்கத்துக்காரர். முட்டி தேய்ந்துபோனதால் படிக்கட்டில் ஏறும்போது ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பெருமூச்சு என்று கணக்கு வைத்து விடுவார். தண்ணீர் முதலில் வந்தபோது ஏசிதான் ஒழுகுகிறது என்று அவர் நினைத்தார். வளைகுடாவில் எந்த ஈரத்துக்கும் முதல் குற்றவாளி ஏசிதான். மெக்கானிக் பன்னீர்செல்வம் வந்து திறந்து பார்த்தார். தட்டில் விரல் நீள மீன்கள் கிடந்தன. ஏசியில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டு, மீனைப் பையில் போட்டுக்கொண்டு போனார். குழம்பு நன்றாக இருந்ததாக மறுநாள் போன் பண்ணினார்.

காலியாகக் கிடந்த அந்த அறையை, எழுத்துப் படிக்க வாரம் ஒருநாள் சக்மாக்காரர்களுக்குத் திறந்துவிட்டவரும் பொன்னுச்சாமிதான். அவர்கள் வந்த நாளிலிருந்துதான் தண்ணீரும் வந்தது. அவர்கள் வங்காளதேசத்து மலைக்காரர்கள், புத்தரைக் கும்பிடுகிறவர்கள். அறுபதுகளில் கர்ணபுலி ஆற்றைக் காப்தாயில் மறித்து அணை கட்டியபோது அவர்களுடைய வயலும் வீடும் ராஜாவின் அரண்மனையும் ஏரிக்குள் போயின. பாதிப்பேர் எல்லை தாண்டினார்கள், பாதிப்பேர் மேட்டுக்கு ஏறினார்கள், மேட்டிலும் இருக்க முடியாதவர்களின் பிள்ளைகள் விசா எடுத்து முசஃபாவுக்கு வந்து சாரம் கட்டுகிறார்கள், வெல்டிங் வைக்கிறார்கள். சொந்தமாக எழுத்து உள்ள பாஷை. ஆனால் பள்ளிக்கூடத்தில் வேறு எழுத்துப் படித்த இந்த ஆட்களுக்கு அதில் தங்கள் பெயரைக்கூட எழுதத் தெரியாது. கற்றுக்கொடுக்க வந்தவள் சுபோர்ணா. பியூட்டி பார்லரில் வாரம் ஆறு நாள் நூல் வைத்துப் புருவம் எடுக்கிற பெண். ஏழாவது நாள் தன் அப்பா வயது ஆண்களை உட்காரவைத்து, எழுத்தின் வளைவைப் புருவம் மாதிரி வளைக்கச் சொல்லி அதட்டுவாள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. சுசாங்யா கா, குசாங்யா கா, சாந்யா கா என்று அவர்கள் கோரஸ் பாடுவது வராந்தா வரை கேட்கும். பொன்னுச்சாமியின் காதில் எல்லாமே ஒரே கா.

"எங்கூர்ல ஒரு கா தாம்மா. அத வச்சே எல்லாத்தையும் திட்டிக்கிருவோம்" என்றார் ஒருநாள், தனக்குத் தெரிந்த இந்தியில்.

"அதான் அங்கிள் உங்களுக்கு லீவு, எங்களுக்கு கிளாஸ்" என்றாள் அவள்.

தண்ணீர் எதனால் ஏறுகிறது என்பது சீக்கிரமே எல்லாருக்கும் தெரிந்துபோனது. யாராவது எழுத்தைத் தப்பாகச் சொன்னால் ஏறும், சரியாகச் சொன்னால் இறங்கும். அவர்களில் மூத்தவர் பினோய், சாரம் கட்டுகிறவர். முதல்நாளே ஒரு வாய் அள்ளிக் குடித்துவிட்டு, இது எங்கள் ஏரி என்று சொன்னவர் அவர். மற்றவர்கள் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய பிறகும் பினோய் ஐந்தாவது எழுத்தைத் தாண்டவில்லை. அங்கே வந்ததும் தொண்டையைச் செருமுவார், தரையைப் பார்ப்பார், தப்பாகச் சொல்வார். தண்ணீர் முழங்காலுக்கு வரும்.

பொன்னுச்சாமிக்கு இதில் வருத்தம் இல்லை. ஒரு குடத்துக்காக விடியுமுன் வரிசையில் நின்ற ஊர்க்காரர் அவர். தானாக வருகிற நல்ல தண்ணீரைச் சும்மா போகவிட அவருக்குக் கை வரவில்லை. கேன் கேனாகப் பிடித்து வைத்தார். படிக்கட்டைக் கழுவினார், பின்பக்கத்து இரண்டு வேப்பமரங்களுக்கு ஊற்றினார். அந்தத் தண்ணீரில் போட்ட டீயைக் குடித்த டிரைவர்கள் வேறு கடைப் பக்கமே போகவில்லை.

அப்படியிருக்கும்போது பினோய் ஒருநாள் படிக்கட்டில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டே அத்தனை எழுத்தையும் முதலிலிருந்து கடைசிவரை முணுமுணுத்ததைப் பொன்னுச்சாமி கேட்டுவிட்டார். எங்கும் தட்டவில்லை.

"ஏன்யா, எல்லாம் தெரியுதுல்ல? அப்புறம் எதுக்கு அந்தச் சொல்லிக்குடுக்குற புள்ளய அழவிடுற?"

பினோய் லேஸை இழுத்து முடிச்சுப் போட்டார். "தண்ணி முழங்காலுக்கு வந்தா அடியில டைல்ஸ் தெரியாது பாயி. எங்கப்பா வீட்டு முற்றம் தெரியும். வாசல் தெரியும். நான் அதை நேர்ல பார்த்ததில்ல. சொல்லக் கேட்டதுதான். எழுத்தைச் சொல்லிட்டா தண்ணி போயிரும்."

பொன்னுச்சாமி கேன்களை நினைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் அந்த மாதமே கட்டடத்து மேனேஜர் முகம்மது ரிபாய் வந்தார். கீழக்கரைக்காரர், ஒரே ஜில்லா என்பதால் உரிமையோடு திட்டுவார். கட்டடத்தை ஒரு கம்பெனி மொத்தமாக எடுக்கப்போகிறதாம், எஞ்சினியர் பார்க்க வருகிறாராம்.

"யோவ் பொன்னுச்சாமி, வர்ற ஞாயித்துக்கெழமை நான் நேர்ல வர்றேன். வந்த தண்ணி என் கண்ணு முன்னால வடிஞ்சு போச்சுன்னா அவங்க படிக்கட்டும். மூல ரூமக் கணக்குல சேக்காம விட்டுர்றேன். வடியலயா, கலாஸ், முடிஞ்சுது. அவங்களும் வெளிய, ஒனக்கும் விசா கேன்சல்."

இனி மூடிவைக்க முடியாது. பொன்னுச்சாமி சுபோர்ணாவிடம் எல்லாவற்றையும் சொன்னார், கேன்களையும் சேர்த்து. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. நாள் முழுக்க நின்ற கால்களைப் படியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இதற்குமுன் சார்ஜாவில் ஓர் இடம், பர் துபாயில் ஓர் இடம் என்று வகுப்பு நடத்திய இடங்களிலிருந்து அவளைக் கிளப்பியிருந்தார்கள்.

படியேறி வந்த பினோயை அண்ணன் முறையில் கூப்பிட்டு, "பினோய் தாதா, எனக்கும் வாரத்துல ஒரே நாள்தான் லீவு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ரிபாய் பேண்ட்டை மடித்துவிட்டு, ஷூவைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். எல்லாரும் சொல்லி முடித்தார்கள், தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியது. பினோய் எழுந்தார். ஐந்தாவது எழுத்தில் செருமித் தப்பாகச் சொன்னார், தண்ணீர் சரசரவென்று முழங்காலுக்கு ஏறியது. ரிபாய் எதையோ பிடித்துக்கொள்ளப் பார்த்தார். பினோய் குனிந்து, ஒரு முற்றம் முழுவதையும் பார்க்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பார்த்தார். அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு நிமிர்ந்து ஐந்தாவதைச் சொன்னார், ஆறாவதைச் சொன்னார், கடைசிவரை சொன்னார். கடைசி எழுத்துக்குத் தண்ணீர், வந்த வழி தெரியாமல் போயிருந்தது. டைல்ஸ் காய்ந்து கிடந்தது. அறைக்கு நடுவில், சுவரும் கதவும் இல்லாமல், ஒரு பழைய மரவாசற்படி மட்டும் மிச்சம் இருந்தது. ஓரத்தில் பாசி. நடுவில் கால்பட்டுத் தேய்ந்த பள்ளம்.

"இது யாரு வச்சது?" என்றார் ரிபாய்.

"வீட்டுக்காரர் வச்சது" என்றார் பொன்னுச்சாமி.

ரிபாய் அதைத் தாண்டி உள்ளே போனார், தாண்டி வெளியே வந்தார், சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எஞ்சினியர் வந்தபோது அவரும் தாண்டினார். பெயர்த்தெடுக்கப் பார்த்தவர்களால் முடியாததால் சக்மாக்காரர்கள் அதற்கு வெளியே செருப்பைக் கழற்றப் பழகிக்கொண்டார்கள். பொன்னுச்சாமி சும்மா கிடந்த கேன்களைக் கவிழ்த்து வைத்தார். டீ பழையபடி உப்புக் கரித்தது.

குளிர்காலத்தில் புஜைராவிலிருந்து வேலை மாறி ஏழெட்டுச் சக்மாப் பையன்கள் வந்தார்கள். ஓர் எழுத்தும் தெரியாதவர்கள். முதல் ஞாயிறே தண்ணீர் முழங்காலைத் தொட்டது. அற்புதராணி மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கப் போனாள். பொன்னுச்சாமி போன் போட்டபோது, படிக்கிற பிள்ளைகள் இருக்கிற இடத்தில் அப்படித்தான் இருக்கும் என்றார் ரிபாய். பொன்னுச்சாமி கேன்களை நிமிர்த்தினார். புதுப் பையன்களுக்கு எழுத்துச் சொல்லித்தர, சுபோர்ணா உதவிக்கு ஓர் ஆள் வைத்திருக்கிறாள். பினோய்தான். வாசற்படியில் உட்கார்ந்து, தண்ணீருக்குள் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார். தப்பாகச் சொன்னால் திருத்துவார். ஆனால் உடனே திருத்துவதில்லை.