டைகரின் காவல்

பங்காருபாளையத்து மாந்தோப்புக்குக் காவலாக லாப்ரடார் நாய் வாங்கியதிலிருந்து துலுக்காணத்துக்குக் கோபம் அடங்கவே இல்லை. டைகர் என்று பெயர் வைத்தும் புண்ணியமில்லை. நேற்று பழம் திருட வந்தவர்களை வாலாட்டி வரவேற்று, அவர்கள் உரித்துப் போட்ட பழத்தையும் தின்றிருந்தது.

“திருடங்கூட குந்திக்கினு பழம் துன்னுறியே, வெக்கமா இல்ல?” என்று கட்டிலில் உட்கார்ந்து கத்தினார். அது அவர் மடியில் தலையை வைத்துக் கொட்டாவி விட்டது. திட்டிக்கொண்டே அதற்கு ஒரு பழத்தைத் தோல் சீவினார். தோலோடு கொடுத்தால் துரை தொடமாட்டார்.

பக்கத்துத் தோப்பு சிரஞ்சீவி, “இத்த எங்கனா தொரத்திட்டு நாட்டு நாய் ஒண்ணு வச்சுக்கோண்ணா,” என்றான்.

“எத்தடா தொரத்தச் சொல்ற? வாயக் கிழிச்சிடுவேன்! தோப்புக்கு நான் காவல் இருந்துக்கறேன். இதுக்கும் நான்தான் காவல். நடையக் கட்டு!”