சோடா கலக்காத போண்டா

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் பொற்கொடியின் போண்டாவுக்குத் தனி மவுசு. பிட்டால் பஞ்சு, வாயில் போட்டால் கரையும். கடை வாசலில் அவள் புருஷன் குஞ்சிதபாதம் தன் கையாலேயே சிவப்புப் பெயிண்டில் எழுதிய பலகை தொங்கும்: 'பொற்கொடி டிபன் கடை. சோடா உப்பு கலக்காதது.'

அந்தப் பலகையில் முதல் பாதிதான் உண்மை.

மைதா மூட்டைக்குப் பின்னால் பழைய பால்பவுடர் டின் ஒன்று பதினோரு வருஷமாக ஒளிந்திருந்தது. அதில் இருந்தது சோடா உப்பு. கடை போட்ட புதிதில் போண்டா கல்லுக்கு அண்ணனாக வந்துகொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் ஒருநாள் மாவில் ஒரு சிட்டிகை போட்டாள். அன்றைக்கென்று குஞ்சிதபாதம் ஒன்றைப் பிட்டுப் பார்த்து, "பாத்தியா, சோடா கீடா இல்லாமலே எப்படி உப்பிகினு வந்திருக்கு! உன் கைப்பக்குவம்டி" என்றான். அவள் உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். அவன் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்ததும் வார்த்தை வரவில்லை. மறுவாரம் பலகை வந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். அதற்கு நாள்தோறும் எவ்வளவு சோறு வேண்டியிருந்தது என்பது மறைத்தவளுக்குத்தான் தெரியும்.

குஞ்சிதபாதத்தின் அப்பா வயிற்றுப்புண்ணில் செத்தவர். ஓட்டல் பலகாரத்தில் போட்ட சோடாதான் அவரைக் கொன்றது என்று எவனோ சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான். ஆனால் தனக்கு நெஞ்சு கரித்தால் பெட்டிக்கடையில் ஒரு ஜீரண உப்புப் பொட்டலம் வாங்கித் தண்ணீரில் கொட்டி, நுரை பொங்கப் பொங்கக் குடித்துப் பெரிய ஏப்பம் விடுவான். அதற்குள்ளும் அதே சோடாதான் என்று எந்தப் புண்ணியவான் அவனிடம் போய்ச் சொல்வது? கடலை வேகாத நாளில் அந்த டின்தான் கைகொடுத்தது. டீக்கறை போனதும் அதனால்தான். ஒருமுறை அவனைத் தேனீ கொட்டியபோது அதையே குழைத்துத் தடவி, கோயில் திருநீறு என்று சொல்லிவிட்டாள்.

குஞ்சிதபாதத்துக்கு நிலக்கரி கொட்டும் இடத்தில் கான்ட்ராக்ட் வேலை. குவித்த கரி வெயிலில் கிடந்தால் தானாகவே புகையும். புகைந்த இடத்தில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். பத்தொன்பது வருஷமாக ஹோஸ் பிடித்த கை, புகை என்றால் தண்ணீருக்குத்தான் போகும்.

போன மாசம் சேஃப்டி வகுப்பு முடிந்து வந்து சோற்றில் உட்கார்ந்தவன் சிரித்தான். "நெருப்பணைக்க செவப்பு சிலிண்டர் வச்சிகினு இருக்கானுங்களே, அதுல ஒரு தினுசுல இன்னா இருக்குது தெரியுமா? சோடா உப்பாம்! எண்ணெ பத்திகினா தண்ணி ஊத்தக் கூடாதாம், அதத்தான் அடிக்கணுமாம். பாரு, அது நெருப்புல கொட்டத்தான் லாயக்கு. வயித்துல கொட்றானுங்க!"

பொற்கொடி ரசம் ஊற்றினாள்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள். சூப்பர்வைசர் விஜயராஜ் தன் ஆட்களுக்கு மறுநாளைக்கு முந்நூறு போண்டா சொல்லியிருந்தான். அதனால் டின்னும் கழுத்துவரை நிரம்பியிருந்தது. மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வந்த குஞ்சிதபாதம், சீக்கிரம் காயட்டும் என்று சாயங்கால வியாபாரத்துக்கு எண்ணெய்ச் சட்டியை வைத்து அடுப்பை முழுசாகத் திறந்துவிட்டான். வாசலில் விஜயராஜைக் கண்டதும் பேசப் போய்விட்டான். பின்கட்டில் சட்னி அரைத்துக்கொண்டிருந்த பொற்கொடிக்கு நெடி வந்தபோது சட்டி பற்றிவிட்டது.

ஆளுயரத் தீ. தலைக்கு மேலே காய்ந்த கீற்றுக் கொட்டகை. விஜயராஜ் தெருவுக்குப் பாய்ந்தான். குஞ்சிதபாதம் வாளி நிறையத் தண்ணீரோடு சட்டியை நோக்கி வந்தான்.

"ஏங்க, தண்ணி வேணாம்! எண்ணெங்க அது!"

அவன் காதில் எதுவும் ஏறவில்லை. அவள் ஓடிப்போய் அவனை முட்டித் தள்ளினாள். வாளி தரையில் உருண்டது. கேஸ் சிலிண்டரை மூடினாள். தீ அடங்கவில்லை. மைதா மூட்டைக்குப் பின்னால் நீண்ட கை ஒரு கணம் நின்றது. பதினோரு வருஷம் அந்தக் கையைப் பிடித்து இழுத்தது. மறு கணம் டின் வெளியே வந்துவிட்டது.

முதல் வீச்சில் தீ நடுவில் பிளந்தது. இரண்டாவதில் தாழ்ந்தது. மிச்சத்தையும் வாரி எறிந்தாள். அவ்வளவு உயரம் நின்ற நெருப்பு, உறக்கம் வந்த குழந்தையைப் போலச் சட்டிக்குள் படுத்துவிட்டது. வெள்ளைப் புழுதி மெல்ல இறங்கியது. இத்தனை வருஷம் திருட்டுப் பொருள்போல் ஒளித்து வைத்தது இதையா என்று பொற்கொடிக்கு உடம்பு சிலிர்த்தது. கும்பிடத் தோன்றியது அவளுக்கு.

மீசையெல்லாம் வெள்ளையாக நின்ற குஞ்சிதபாதம் டின்னைப் பார்த்தான். "இன்னா அது?"

"சோடா உப்புங்க."

"எப்பலேர்ந்து?"

"பலகைக்கு முன்னாலேர்ந்து."

அவன் சட்டியருகே உட்கார்ந்துவிட்டான். "பத்தொம்போது வருஷமா நெருப்பு அணைக்கிறேன். இப்படி ஒண்ணு படுத்து நான் பாத்ததில்ல" என்றான். "தண்ணிய ஊத்தியிருந்தேன்னா…" என்று கீற்றை நிமிர்ந்து பார்த்தான். எண்ணெய் ஆறியதும் சட்டியை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தான்.

மறுநாள் காலையில் வாசலில் பலகை இல்லை. பொற்கொடி பதறிக்கொண்டு உள்ளே போனாள். கரண்டி, கத்தி, தேய்த்துக் கழுவிய சட்டி எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. நடுவில், வாழையிலையில், அந்த டின். குஞ்சிதபாதம் புதுசாகச் சோடா உப்பு வாங்கிக் கழுத்துவரை ரொப்பி, மூன்று பொட்டு வைத்திருந்தான்.

போண்டா வாங்க வந்த விஜயராஜ், "இன்னா அண்ணே, பலகையக் காணோம்?" என்றான்.

"அதுல பொய் எழுதியிருந்துச்சு. கழட்டிட்டேன்."

"அப்ப இவ்ளோ நாளா சோடா போட்டதுதானா?"

"போட்டதுதான். நீ தின்னதும் அதான். நான் இன்னிக்கு உசுரோட நின்னுகினு இருக்கிறதும் அதாலதான்."

குஞ்சிதபாதம் கற்பூரம் காட்டிவிட்டுப் பொற்கொடியிடம் வந்து உள்ளங்கையை நீட்டினான். "எவ்ளோ போடுவ? காட்டு."

அவள் டின்னிலிருந்து இரண்டு விரலால் கிள்ளி அவன் கையில் வைத்தாள். கண் நிறைந்துவிட்டது. அவன் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.

"இத்தினூண்டா? இதுக்கா இத்தினி வருஷம் என்னப் பாத்து பயந்துகினு இருந்த?"